வலது கையைக் கேட்டேன்

என் வலது கையில் மணிக்கட்டுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. இதை எழுதும்போதும் கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் கை குணமாகிவிட்டது என்று முடியும் சாட்சியை எதிர்பார்த்து யாரும் இதைப் படிக்க வேண்டாம். அப்படிப்பட்ட சாட்சிகளை நம் கோயிலில் நிறையக் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எரிச்சல்பட்டும் இருக்கிறேன். ஆனாலும் ஆண்டவர் எனக்கு இரங்கினார். அதைச் சொல்லாமல் வைத்திருந்தால் தொண்டையில் மீன்முள் நிற்பது போல இருக்கிறது. அதனால் நம் பங்கு மக்களுக்கு, பிரிட்டோ ஆகிய நான், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் தங்கச்சிமடத்தில் பிறந்து வளர்ந்தவன். அய்யா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் என் கூட்டாளிகள் படகேறினார்கள். நான் ராமநாதபுரத்தில் ஐடிஐயில் சேர்ந்தேன். சிவில் டிராப்ட்ஸ்மேன், அதாவது கட்டட வரைபடம் போடும் படிப்பு. ஊரில் யாருக்கும் அது என்னவென்று புரியவில்லை.

"படம் வரையிற படிப்பாலே? பள்ளிக்கூடச் செவுத்துல மயிலு வரைவாங்களே, அதா?" என்று சித்தப்பா கேட்டார்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். "ஆமா, மயிலுதான். ஒங்க வீட்டு வாசல்லயும் ஒண்ணு வரையட்டா?" என்றேன். அம்மா முறைத்தாள்.

உண்மையில் எனக்கு வேறு கணக்கு இருந்தது. பாம்பனில் புது ரயில் பாலம் கட்டிய வருடங்களில், ராமநாதபுரத்துக்குப் பேருந்தில் போகும்போதெல்லாம் சன்னலோரம் உட்கார்ந்து கடலுக்குள் தூண் எழும்புவதைப் பார்ப்பேன். வாடைக் காற்றும் உப்பும் சேர்ந்து அடிக்கிற இடத்தில் அது எப்படி நிற்கும், யார் அதைத் தீர்மானிப்பது என்று யோசிப்பேன். ஒரு கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒருவர் வரைவார். அது விழாமல் நிற்பதற்கு எந்தத் தூண் எவ்வளவு கனம், எந்தக் கம்பி எந்த இடம் என்று இன்னொருவர் கணக்குப் போடுவார். அந்த இரண்டாவது ஆளாக வேண்டும் என்பது என் ஆசை. நேராக இன்ஜினியரிங் சேர வழியில்லை. ஆனால் ஐடிஐ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டு சேரலாம். அதை முடித்தால் இன்ஜினியரிங்கிலும் இரண்டாம் ஆண்டு சேரலாம். சுற்று வழிதான், ஆனால் போய்ச் சேரும் வழி.

முதலாண்டு முடிந்த விடுமுறையில்தான் அது நடந்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்கு இறங்கிய நேரம். ஆள் குறைகிறது என்று அய்யாவோடு நானும் போனேன். வலையை ஏற்றும்போது, ரோப்பைச் சுற்றி இழுக்கும் வின்ச் ஓடிக்கொண்டிருந்தது. ரோப் ஒரு பக்கமாக ஏறியது. கையால் தள்ளிவிட்டேன். எல்லோரும் செய்வதுதான். அன்றைக்கு ரோப்போடு என் கையும் போனது. அய்யா இன்ஜினை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். கரை வருகிற வரைக்கும் தன் துண்டை என் கையில் சுற்றி இறுக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

ராமநாதபுரத்தில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர், "கை இருக்கும் தம்பி. நரம்பு அறுந்து போச்சு, தைச்சிருக்கோம். உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம். வருஷக்கணக்காகும்" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். ஏதோ பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்வது போலத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே. ஊரே வந்து பார்த்தது. அம்மா ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. படுத்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டுக் கூரையில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும். கம்பிக்குக் கீழே கான்கிரீட் போதவில்லை, உப்புக் காற்று உள்ளே போய்விட்டது என்று மனம் பாட்டுக்குச் சொல்லும். அதற்கு மேல் எதுவும் தோன்றாது. பசிக்காது. கோபம்கூட வரவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு மோசமான அறிகுறி என்று புரியும்.

ஒரு நாள் அம்மா டீ கொடுத்தாள். பழக்கத்தில் வலது கையை நீட்டி வாங்கிவிட்டேன். பேசிக்கொண்டே இருந்தேன். திடீரென்று அம்மா அலறினாள்.

"ஏலே, கையி! கையிலே!"

குனிந்து பார்த்தால் டீ விரலில் வழிந்து தோல் சிவந்து பொங்கியிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. அதுவும் வந்த வேகத்தில் போய்விட்டது.

அம்மா சும்மா இருக்கவில்லை. அந்தோணியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை தவறாமல் நின்றாள். வெள்ளித் தகட்டில் செய்த சின்னக் கை ஒன்று வாங்கி, நேர்ச்சையாகச் சுரூபத்தின் காலடியில் தொங்கவிட்டாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நானும் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, என் வலது கையைத் திரும்பக் கொடும்" என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை. வாய் கேட்டதே தவிர மனம் கல்லாகக் கிடந்தது. பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போனால் விரல் சரியாக விரியாது. பங்குச்சாமி புரிந்துகொண்டு நாக்கில் கொடுப்பார். திரும்பி வந்து உட்காருவேன். அவ்வளவுதான்.

ஐடிஐயில் நண்பர்கள் வரைந்துகொண்டிருந்தார்கள். எங்கள் படிப்புக்கு உயிரே கையால் வரைவதுதான். கணினி பிறகு. பலகையில் தாளை ஒட்டி, அளவுகோல்கள் பொருத்திய டிராப்டர் என்ற நகரும் கருவியை மேலே மாட்டி, இடது கையால் அதன் தலையை அழுத்திப் பிடித்து, வலது கையால் கோடு போட வேண்டும். கடைசித் தேர்வில் அப்படி ஒரு படம் முழுதாக வரைந்து கொடுத்தால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் பாலிடெக்னிக். அது இல்லையென்றால் நான் போட்ட கணக்கு எல்லாம் அத்தோடு சரி. இந்தக் கையோடு படகுக்கும் போக முடியாது.

எங்கள் பயிற்றுநர் வளர்மதி மேடம், முதுகுளத்தூர்க்காரர். மூன்று பேர் செய்கிற வேலையை ஒரே குரலில் செய்வார். அவர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். பரிதாபப்படுவார் என்று நினைத்தேன்.

"இப்பிடிப் படுத்தே கெடந்தா கூரையில இருக்க கம்பிய மட்டுந்தான் எண்ணலாம். பரீட்சையில எழுதுறதுக்கு ஆள் கேட்டு வாங்கலாம் பிரிட்டோ. வரையிறதுக்கு ஆள் தருவாங்களான்னு எனக்கே தெரியல. நீ ஒரு முடிவுக்கு வந்துட்டு வா. வராட்டியும் சொல்லிவிடு, அந்தப் பலகைய வேற ஆளுக்குக் குடுக்கணும்."

அம்மாவுக்கு ஆத்திரம். "இந்தப் பொம்பளைக்கு நெஞ்சுல ஈரமே இல்ல" என்றாள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. பலகையைக் கொடுத்துவிடுவார்களே என்பது மட்டும் எங்கோ ஒரு மூலையில் உறுத்தியது.

அடுத்த வாரத்தில் அய்யா போன படகின் வலை கடலடிப் பாறையில், பாரில், மாட்டி நார்நாராகக் கிழிந்து வந்தது. கரையில் விரித்துப் போட்டு நாலைந்து பேர் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் அங்கே போய் நின்றேன். அய்யா நிமிர்ந்து பார்த்தார். விபத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது குறைவு. நான் ரோப்பைத் தள்ளியதைத் தாம் கவனிக்காமல் விட்டோமே என்ற உறுத்தல் அவருக்கு.

"சும்மாதான நிக்கிற. இங்கன உக்காரு" என்றார்.

அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். வலை ஊசி கிடந்தது. எடுத்தேன். கிழிந்த இடத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, கண்ணி கண்ணியாகப் போட ஆரம்பித்தேன். ஒன்றும் யோசிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அய்யாவின் ஊசி நின்றுவிட்டது.

"ஏலே. எந்தக் கையில பொத்துறன்னு பாரு."

பார்த்தேன். இடது கை.

இது புதிதில்லை. சின்ன வயதிலிருந்தே நான் வலை பொத்துவது இடது கையில்தான். அய்யாவுக்கு எதிரே உட்கார்ந்து, அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவன். அவருடைய வலது கை எனக்கு இடது பக்கம் தெரிந்தது. நானும் அப்படியே பிடித்துக்கொண்டேன். கரையோரப் பிள்ளைகள் சில பேர் இப்படி மாறிப் பழகுவதுண்டு. பார்த்துச் சிரிப்பார்கள், "நொட்டாங்கைக்காரன்" என்பார்கள், அதோடு விட்டுவிடுவார்கள். சோறு தின்பது, எழுதுவது எல்லாம் வலது கையில்தான் என்பதால் எனக்கே அது நினைவில் இல்லை. கண்ணிகளைப் பார்த்தேன். எல்லாம் ஒரே அளவில் இருந்தன.

அப்போதும் எனக்குள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மகிழ்ச்சி என்று சொன்னால் பொய். வீட்டுக்குப் போய்ப் பென்சிலை இடது கையில் எடுத்தேன். எழுதிப் பார்த்தேன், கோழி கிளறியது போல இருந்தது. கோடு போட்டுப் பார்த்தேன். கோடு நேராக வந்தது. இன்னொன்று போட்டேன். அதுவும் வந்தது. மறுநாள் காலையில் ராமநாதபுரம் பேருந்தில் ஏறினேன்.

மேடம் ஆச்சரியப்படவில்லை. டிராப்டரைக் கழற்றிப் பலகையின் மறு பக்கம் மாட்டினார். "கோடு இருக்கட்டும். எழுத்து? படத்துல அளவு எழுதணும்ல? ஒண்ணாங்கிளாஸ்லேருந்து ஆரம்பி" என்றார். ஆரம்பித்தேன். அ, ஆ இல்லை, இங்கிலீஷ் பெரிய எழுத்தும் எண்களும். பக்கம் பக்கமாக. பென்சில் கோட்டின் மேலேயே என் கை தேய்த்துக்கொண்டு போகும், தாள் கருப்பாகும். அதனால் தாளின் வலது ஓரத்திலிருந்து தொடங்கி இடது பக்கம் வரப் பழகினேன். கூடப் படித்தவர்கள், "மாப்ள, உருது எழுதுறியாடா?" என்று ஓட்டினார்கள். எனக்கு மறுபடி கோபம் வந்தது. கோபம் வந்ததே என்று வளர்மதி மேடத்துக்கு ஒரே சந்தோஷம்.

தேர்வு நாள் வந்தது. ஒரு உத்தரமும் தூணும் சேரும் இடம், அதற்குள் கம்பி எப்படிப் போகிறது என்று வரைய வேண்டும். நான் செய்ய நினைத்த வேலையின் முதல் பாடமே அதுதான். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் கையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், அடுத்த ஆளிடம் போனார். தொடங்கினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாதியில் நிமிர்ந்து பார்த்தேன். தூணின் கோடு சாய்ந்திருந்தது.

என்ன ஆனது என்றால், டிராப்டரை அழுத்திப் பிடித்திருந்தது வலது கை. அதற்கு உணர்ச்சி இல்லை. அது நழுவியிருக்கிறது. நழுவியது எனக்குத் தெரியவில்லை. பயிற்சியில் பக்கத்துப் பையன் பார்த்து, "கை போகுது பாரு" என்று சொல்வான். தேர்வில் யார் சொல்வது? அழித்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி நழுவியது. கையைப் பார்த்தால் கோட்டைப் பார்க்க முடியவில்லை. கோட்டைப் பார்த்தால் கை போய்விடுகிறது. சுற்றிலும் எல்லோரும் கம்பி வரைய ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குத் தூணே நிற்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். முடிந்தது என்று நினைத்தேன். அந்த நினைப்பிலும் வலி இல்லை.

அப்போது ஜெபித்தேன். அதுவரை எத்தனையோ முறை கேட்ட அந்தப் பழைய ஜெபம் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, இந்தக் கையைக் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை. இது இருக்கிற இடத்தில் இருந்தால் போதும்." இவ்வளவுதான் கேட்டேன். வெளிச்சம் எதுவும் தெரியவில்லை, குரல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் கண் முன்னால் அய்யாவின் துண்டு வந்தது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது அய்யா வள்ளம் என்ற சின்னப் படகில் போய்க்கொண்டிருந்தார். ஒற்றை ஆளாக வலை இழுக்கும்போது சுக்கானைப் பிடிக்க ஆள் இருக்காது. தோளில் கிடக்கும் துண்டை எடுத்துச் சுக்கானை இறுகக் கட்டிவிடுவார். வள்ளம் அதுபாட்டுக்கு நேராகப் போகும். அந்தத் துண்டுதான் நினைவுக்கு வந்தது.

பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தேன். என் வலது கையை டிராப்டரின் தலைமேல் வைத்து, இரண்டையும் சேர்த்துச் சுற்றி, ஒரு முனையைப் பல்லில் கடித்து, இடது கையால் இழுத்து முடிச்சுப் போட்டேன். கடலில் ஒரு கையால் கட்டுகிற முடிச்சு. அது அவிழாது. தேர்வாளர் வேகமாக வந்தார்.

"என்ன தம்பி, கையக் கட்டிப் போட்டிருக்க?"

"நழுவுது சார். எனக்குத் தெரிய மாட்டேங்குது."

அவர் குனிந்து முடிச்சைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பார்த்தேன். "ரொம்ப இறுக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். அதற்குப் பிறகு முழங்கையிலிருந்து தள்ளினால் டிராப்டர் போனது, நிறுத்தினால் நின்றது. தூண் நின்றது. உத்தரம் அதன்மேல் வந்து உட்கார்ந்தது. கம்பிகளை ஒவ்வொன்றாக வரைந்தேன். வெளிக் கம்பிக்கும் கான்கிரீட்டின் விளிம்புக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியை எழுதும்போது எங்கள் வீட்டுக் கூரை ஞாபகம் வந்தது. மணி அடிக்கும்போது கடைசி எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும் பேருந்தில் பாம்பன் பாலத்தின் மேல் வரும்போது பக்கத்தில் இருந்த அக்கா என்னைத் தொட்டார்.

"தம்பி, கையில ரத்தம் வருதுய்யா. பாக்கலையா?"

கைக்குட்டை மணிக்கட்டில் அப்படியே தொங்கியது. முடிச்சு இறுகிப் புறங்கைத் தோல் கிழிந்திருந்தது. அவர் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். யாரென்றே தெரியாதவர். அவர் துடைப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், துடைப்பது எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் அழுகை வந்தது. விபத்து நடந்த நாளிலிருந்து வராத அழுகை. அந்த அக்கா பயந்துபோய், "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டார். "இல்லக்கா, வலிக்கல, அதான்" என்றேன். தங்கச்சிமடம் வரும்வரை அவர் என் கையை விடவில்லை.

தேறிவிட்டேன். பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு சேர்ந்தேன். இப்போது கடைசி ஆண்டு. கணினியில் மவுஸை இடது பக்கம் வைத்துக்கொண்டு கட்டடக் கம்பிப் படங்கள் வரைகிறேன். மாலையில் ராமநாதபுரத்தில் ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் பயிற்சி. அங்கே படம் நான் வரைந்தாலும், கட்டடம் நிற்கும் என்று கையெழுத்துப் போடுவது பட்டம் படித்து அனுபவம் உள்ள இன்ஜினியர்தான். அந்த இடத்துக்கு நான் இன்னும் போக வேண்டும். போவேன்.

தேறிய செய்தி வந்த அன்று அம்மாவோடு அந்தோணியார் கோயிலுக்குப் போனேன். அவள் தொங்கவிட்ட வெள்ளிக் கை அங்கேயே இருந்தது. "வலது கைன்னு கேட்டுத்தான் வாங்குனேன். வலது கைக்குத்தான் நேந்தேன்" என்று மறுபடி ஆரம்பித்தாள். எங்கள் பின்னாலேயே வந்த அய்யா, அதிகம் பேசாத அய்யா, தகட்டை ஒரு தடவை பார்த்தார், சுரூபத்தை ஒரு தடவை பார்த்தார்.

"தகட்டுல ஏதுடி வலதும் இடதும்? நீ இந்தப் பக்கம் நின்னு வலதுன்ன. அவரு அந்தப் பக்கம் நின்னு பாத்துருக்காரு."

அம்மா கோயில் என்றும் பாராமல் அவரை அடித்தாள். நான் சிரித்தேன். சிரித்து எத்தனை காலம் ஆகிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதைப் படிக்கிற தம்பி, தங்கச்சிகளுக்கு ஒன்று சொல்கிறேன். படகை விட்டால் வேறு வழி இல்லை என்று நினைக்காதீர்கள். நேர் வழி அடைபட்டிருந்தால் சுற்று வழி இருக்கிறது. ஐடிஐ, பாலிடெக்னிக், அதற்கு மேல் இன்ஜினியரிங். சந்தேகம் இருந்தால் ஞாயிறு பூசை முடிந்ததும் என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து பேசலாம். கோபப்படாமல் சொல்லித் தருகிறேன். முடிந்தவரை.

இன்னொன்று, பெரியவர்களுக்கும் சேர்த்து. கேட்டுக் கேட்டு மனம் மரத்துப் போனவர்கள் நம்மில் இருக்கிறார்கள். எனக்கு உங்களைத் தெரியும், பின் வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். எதுவும் உணராமல் ஜெபித்தால் அது கணக்கில் சேராது என்று நினைக்காதீர்கள். நான் உணராமல்தான் ஜெபித்தேன். ஆண்டவருக்குக் கேட்டிருக்கிறது. நீங்கள் கேட்டதையே அவர் கொடுக்கவில்லை என்றால், ஏற்கெனவே உங்களிடம் எதைக் கொடுத்து வைத்திருக்கிறார் என்று ஒரு முறை தேடிப் பாருங்கள்.

இடது கையில் இத்தனை வேலை வந்த பிறகும் ஒன்றை மட்டும் நான் மாற்றவில்லை. பூசை தொடங்கும்போது அந்த வலது கையாலேயே சிலுவை வரைகிறேன். நெற்றியில் படுவது விரலுக்குத் தெரியவில்லை. நெற்றிக்குத் தெரிகிறது.